நாற்பது நிமிடச் சான்று

ஜூன் 2

வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி. போனில் கூப்பிட்டால் நீ வேற்றாளிடம் பேசுவது மாதிரி "சொல்லுங்க" என்பாய், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் பேனா. அதோடு, கையால் எழுதிப் பழக வேண்டிய கட்டாயமும் வந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டிப்போவில் கண்டக்டர்களைக் குறைக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறினால் ஆபீசில் நாற்காலி, தேறாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு அந்த வீடும் கிடையாது, குவார்ட்டர்ஸ் அவர்களுடையது. நின்றுகொண்டு பார்க்கும் வேலை கூடாது என்று டாக்டர் என் முட்டியைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த வயதில் இந்த முட்டியோடு யார் வேலை தருவார்கள், சொல்.

மற்ற தாள்களெல்லாம் தேறிவிட்டேன். கட்டுரைதான் கழுத்தை அறுக்கிறது. தலைப்பு கொடுப்பார்கள், நாற்பது நிமிடம், ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் "கருத்து உண்டு, சான்று இல்லை" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மூன்றாவதுதான் கடைசி, மாதக் கடைசியில் வருகிறது.

இந்த முறை தலைப்பு கண்டக்டர் இல்லாத பஸ்தான் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். அதாவது உன் கம்பெனி செய்கிற பஸ். "என் வயித்துல பொறந்து என் வயித்துலயே அடிக்கிறியே" என்று நான் கேட்டது உனக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன், இப்போதும் அதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் வாதாடி வாதாடியே கோப்பை வாங்கி அலமாரியை நிரப்பியவள் நீ. உன்னை விட்டால் நான் யாரிடம் போவேன்?

எங்கள் ஊரில் ஓடுகிற உங்கள் சோதனை பஸ்ஸில் ஏதாவது கெட்டது நடந்திருக்கும். அதை எழுதி அனுப்பு. நான் எழுதிப் பார்த்த கட்டுரையையும் இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மா


ஜூன் 6

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். ஆறு மாதம் கழித்து வருகிற கடிதத்தில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. போகட்டும்.

உன் கட்டுரைக்கு வருகிறேன். "கண்டக்டர் இல்லையென்றால் ஊரே நாறிவிடும்" என்று ஆரம்பிக்கிறாய். எந்த ஊர் நாறியது? யார் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்? "பெரியவர்கள் தவியாய்த் தவிப்பார்கள்." எந்தப் பெரியவர்? எந்த நிறுத்தத்தில்? "எல்லோருக்கும் தெரியும்" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். எல்லோருக்கும் தெரிந்தால் உன்னை எதற்கம்மா எழுதச் சொல்கிறார்கள்? இது கட்டுரை இல்லை. டிக்கெட் வாங்காதவனை நீ இறக்கிவிடும்போது போடுகிற சத்தம்.

திருத்துகிறவர் உன் கட்சியா எதிர்க் கட்சியா என்று பார்ப்பதில்லை. நீ சொல்வதை அவர் நம்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரு இடம், ஒரு ஆள், ஒரு சம்பவம், அதனால் என்ன ஆனது. ஒன்று போதும், ஆனால் அது ஆடக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புதிதாக யோசிக்க முடியாது. அதனால் உள்ளே போகும்போதே சான்று உன் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் சோதனைக் கணக்கைக் கேட்காதே. அது ஆபீஸ் விஷயம், வெளியே போனால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதற்கு அவசியமும் இல்லை. உன்னிடம் பாஸ் இருக்கிறது. ஏறி உட்கார். கண்ணால் பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுதிக்கொள். உனக்குப் பிடித்ததை மட்டும் எழுதாதே, பிடிக்காததையும் எழுது. எதிராளி என்ன சொல்வான் என்று தெரியாமல் வாதாடப் போகக் கூடாது.

முட்டிக்கு எண்ணெய் தடவுகிறாயா இல்லையா?

வாயாடி


ஜூன் 11

அடியே,

சாப்பிட்டாயா? இந்தா, கேட்டுவிட்டேன்.

போனேன். ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ். யார் ஓட்டுகிறார் என்று பார்த்தால் நம்ம தாடிக்காரர்! அவரும் நானும் பத்து வருஷம் ஒரே வண்டியில் இருந்தோமே, உன்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவதற்காகவே நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்துவாரே, அவரேதான். என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னம்மா, எதிரி வண்டியில ஏறிட்டீங்க?" என்றார். "வேவு பாக்க வந்தேன்" என்றேன். சிரித்தார்.

பின் கதவுப் பக்கம் உட்கார்ந்து நோட்டை விரித்துக்கொண்டேன். எல்லோரும் மெஷினில் அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். சில்லறைச் சண்டை இல்லை. தடியூன்றி வந்த ஒரு பெரியவருக்கு பஸ் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறது, அவர் மகாராஜா மாதிரி ஏறுகிறார். என் முட்டிக்கும் அந்தப் படி சுகமாகத்தான் இருந்தது, எரிச்சல் எரிச்சலாக வந்தது. கதவில் யாராவது நின்றால் மணி அடிக்கிறது. அதைச் செய்தது நீதான் என்று தாடிக்காரர் சொன்னார். சில சமயம் பை, மூட்டைக்கெல்லாம் சும்மா சும்மா கத்துகிறதாம், "உங்க பொண்ணு உங்களை மாதிரியே பண்ணிவச்சிருக்கு" என்கிறார்.

இப்போது என்ன செய்வேன்? நான் பார்த்ததை எழுதினால் என் வேலை தேவையில்லை என்று நானே எழுதிக் கொடுத்தது மாதிரி ஆகும். நீ சொன்னபடி பிடிக்காததையும் எழுதினேன். பிடிக்காதது மட்டும்தான் இருக்கிறது. பக்கம் மாறி எழுதலாமா என்று கூட யோசித்தேன், கை வரவில்லை. ஒன்று இல்லை ஒன்று கிடைக்காமலா போகும்? செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரியும்.

பயமாக இருக்கிறது கண்ணு. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

அம்மா


ஜூன் 17

அம்மா,

நேற்று உங்கள் ஊரில், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில், எங்கள் பஸ் கதவில் ஒரு பெண்ணின் கால் மாட்டிக்கொண்டு பஸ் நகர்ந்துவிட்டது. கால் எலும்பு முறிந்திருக்கிறது. இங்கே ஒரே களேபரம். என் மணி அடிக்கவில்லை என்கிறார்கள். அடித்ததாகப் பதிவில் இருக்கிறது. ஆனால் பதிவைப் பார்த்துக்கொள்வதும் நான்தான், நானே மாற்றியிருப்பேனாம். கேமராவில் முன்னால் இருக்கிற ரோடுதான் தெரிகிறது, பின் கதவு தெரியாது, சத்தமும் பதிவாகாது.

மணி அடித்ததாகத்தான் தாடிக்காரரும் சொல்கிறார். வழக்கமான பொய் மணி என்று நினைத்தாராம், பின்னாலிருந்து யாரோ "ரைட்" சொன்ன மாதிரி கேட்டதாம், எடுத்துவிட்டாராம். யார் சொன்னது என்றால் தெரியாது என்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யாரோ ஒரு குரலைக் கொண்டுவருகிறார் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

நேற்று செவ்வாய்க்கிழமை. நீ போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வண்டியில் இருந்தாயா? மணிச் சத்தம் கேட்டதா? யாராவது "ரைட்" சொன்னார்களா? உடனே எழுது.

உன் கட்டுரைக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. எழுதிக்கொள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வாயாடி


ஜூன் 20

கண்ணு,

உன் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை முட்டி வீங்கிவிட்டது, நான் போகவில்லை. அதனால் மணி அடித்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே டிப்போவில் திருவிழா மாதிரி இருக்கிறது. சங்கச் செயலாளர் ஒவ்வொருவரிடமும் போய், "கட்டுரையில இதைப் போடுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று சொல்லிக்கொடுக்கிறார். ஆளாளுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். கண்டக்டர் இருந்திருந்தால் பார்த்திருப்பார், பார்த்திருந்தால் "ரைட்" சொல்லியிருக்க மாட்டார், இதுதான் பாடம். கேட்க முடியாமல் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை.

தாடிக்காரரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க நல்லபடியா பரீட்சை எழுதிட்டு வாங்கம்மா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள், கால்தானே, சேர்ந்துவிடும். பாவம், வலியில் துடிக்கும்போதும் அந்தப் பச்சைக் குடையை விடவே இல்லை.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. நீ கெட்டிக்காரி. கண்டதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மா


ஜூன் 23

அம்மா,

என்னையும் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஆபீசுக்கு வராதே என்கிறார்கள். கதவு மணி செய்தவள், ஆளைக் காயப்படுத்தியவள் என்று பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் எவனும் என்னைச் சேர்க்க மாட்டான். அறையில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எந்தச் செய்தியிலும் குடை வரவில்லை அம்மா. எங்கள் விசாரணைக் காகிதத்திலும் இல்லை. பச்சை என்று உனக்கு யார் சொன்னது?

அந்தத் தாடிக்காரர் ஓட்டும் பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் வண்டியை எடுக்கிற குரல் ஒன்றுதான். சின்ன வயதில் நான் எத்தனை நாள் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன். நீ ஆம் என்றால் உன் வேலை போகும், வீடு போகும், நீ எங்கே போவாய் என்று தெரியவில்லை. இல்லை என்றால் நான் போனேன். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டேன். தேர்வை எழுது. வேண்டுமானால் அந்த விபத்தையே எழுது, ஆனால் எனக்கு மட்டும் பொய் எழுதாதே, அம்மா. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாயாடி


ஜூன் 29

என் கண்ணுக்கு,

நான்தான். அந்த "ரைட்" நான் சொன்னது.

பின் கதவுப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. ஒரு அம்மாள் மெஷின் முன்னால் அட்டையைத் தேடித் தடுமாறினாள். அடடா, கிடைத்துவிட்டது சான்று என்று நோட்டில் குனிந்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தேன். கூட்டம் அடங்கின சத்தம் காதில் விழுந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தம் கேட்டால் வாய் என்ன சொல்லுமோ அதையே சொல்லிவிட்டது. "போலாம், ரைட்!" தலையைத் தூக்கவில்லை, எழுதிக்கொண்டேதான் சொன்னேன். உன் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. நன்றாகக் கேட்டது. அவர் எடுத்துவிட்டார். அப்புறம் அந்தப் பெண் அலறினாள். எல்லோரும் அவளைத் தூக்க ஓடினார்கள், நான் முன் கதவு வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு என் முட்டிகூட வலிக்கவில்லை, அப்படி ஓடி வந்தேன்.

நேற்று தேர்வு. தலைப்பு அதேதான். "பேருந்துகளில் நடத்துநர் தேவையில்லை: ஏற்று அல்லது மறுத்து எழுதுக." அறை முழுக்க எல்லோர் பேனாவும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் அந்த விபத்தைத்தான் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எழுதினேன். அழகாக வந்தது, நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். ஒரு இடம், ஒரு ஆள், ஒரு சம்பவம். ஒரு பக்கம் முடிந்தது. "அங்கே பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாததால்" என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. ஆள் இருந்தாளே! பார்க்காமல் சொன்னாளே! மேற்பார்வையாளர் என் மேசையைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் போய்விட்டது.

அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டேன். புதிதாக ஆரம்பித்தேன். சோதனை பஸ்ஸில் மணி அடித்தது, நான் கேட்டேன் என்று எழுதினேன். பயணியாக ஏறிய ஒரு கண்டக்டர் குனிந்தபடியே "ரைட்" சொன்னாள், அது நான்தான் என்று எழுதினேன். கண்டக்டர் வேண்டும் என்றுதான் நான் இப்போதும் சொல்கிறேன், ஆனால் அதற்கு இந்த விபத்து சான்றாகாது, கண்டக்டர் குரலுக்குப் பழகிய ஓட்டுநரைப் பழக்கம் மாற்றாமல் தனியாக அனுப்பியதற்குத்தான் சான்று என்று எழுதினேன். தடியூன்றி வந்த பெரியவரையும் எழுதினேன், அட்டை தேடித் தடுமாறின அம்மாளையும் எழுதினேன். முடிவுரை எழுதவில்லை, மணி அடித்துவிட்டது, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேராக விசாரணை நடக்கிற அறைக்குப் போனேன். உன் கம்பெனி ஆள் ஒருவர், எங்கள் அதிகாரி ஒருவர். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கம்பெனி ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மணியைச் செஞ்ச பொண்ணு உங்க மகதானேம்மா?" என்றார். அவ்வளவுதான். பெற்றவள் சொன்னால் செல்லாது, ஓட்டுநர் சொன்னால் தன்னைக் காப்பாற்றச் சொல்கிறார், அதுவும் செல்லாது. அவர்கள் காலில் விழாத குறைதான். "பொய் சொல்றதுன்னா நான் இத்தனை நாள் சொன்ன பொய்யையே சொல்லிட்டுப் போயிருப்பேனே சார்" என்றேன். எழுந்து வரும்போது ஆத்திரத்தில், "பரீட்சைத் தாள்லயே எழுதியிருக்கேன், எடுத்துப் பாருங்க" என்று கத்திவிட்டேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா


ஜூலை 3

அம்மா,

எங்கள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பரீட்சைத் தாளில் பெயர் இருக்காதாம், எண்தானாம். எது உன் தாள் என்று கண்டுபிடிக்க எண்ணை உடைத்துப் பெயரைப் பார்க்க வேண்டுமாம். அப்படிப் பார்த்த தாள் திருத்தப் போகாதாம், செல்லாத தாள் ஆகிவிடுமாம். அதனால் நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எடுப்பார்களாம். தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டு ஒருத்தி பரீட்சையில் பொய் எழுத மாட்டாள், அந்தத் தாள் இருந்தால் நம்புகிறோம் என்கிறார்கள்.

போடாதே. உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன், போடாதே அம்மா. நீ எழுதியதை நீ சொன்னவரைக்கும் வைத்துப் பார்த்தாலே எனக்குத் தெரியும், நீ தேறிவிட்டாய். அந்த அறையில் கேள்விப்பட்டதை எழுதாமல் நடந்ததை எழுதியவள் நீ ஒருத்திதான். முடிவுரை இல்லாவிட்டால் இரண்டு மதிப்பெண் போகும், போகட்டும். அது திருத்துகிறவர் கைக்குப் போகட்டும். விசாரணையில் நீ சொன்னதை அவர்கள் நம்பவில்லை, அதனால் உன் வேலைக்கும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நாற்காலி உனக்குக் கிடைக்கும்.

எனக்கு வயது இருக்கிறது. பஸ் இல்லாவிட்டால் வேறு ஏதாவது செய்வேன், பிள்ளைகளுக்கு வாதாடச் சொல்லிக்கொடுத்தாவது பிழைத்துக்கொள்வேன். உனக்கு இது கடைசி. நீ எனக்குப் பொய் எழுதாமல் உண்மையை எழுதினாய், அது போதும். செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்து இல்லையென்றால் விசாரணையை அப்படியே முடித்துவிடுவார்கள். முடிக்கட்டும், விட்டுவிடு.

உன் வாயாடி


ஜூலை 7

அடி அசடே,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. படித்தேன், அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. என் கண் முன்னால்தான் பரீட்சைத் தாள் கட்டை அவிழ்த்தார்கள். குறுக்கே அடித்த பக்கத்தை வைத்து என் தாளை நானே அடையாளம் காட்டினேன். எங்கள் அதிகாரி நின்றபடியே படித்தார். அப்புறம் உட்கார்ந்து மறுபடி படித்தார். தாடிக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் படித்துக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தம்மா குரல்தான் சார், கேட்டா என் கால் தானா அழுத்திடும்" என்றார். இத்தனை நாள் என் பெயரைச் சொல்லாமல் தன் வேலையைப் பணயம் வைத்திருக்கிறார் அந்த மனுஷன். அவரை மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம், வேறு வேலையில். உன் மணி சரியாக அடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், உன் கம்பெனி ஆளும் போட்டார். நாளை மறுநாள் உனக்குக் கடிதம் வரும்.

என் தாளின்மேல் சிவப்பு மையில் "செல்லாது" என்று ஒரு கோடு. அதைப் போடும்போது அதிகாரிக்குக் கை வரவில்லை, நான்தான், "போடுங்க சார், நேரமாகுது" என்றேன்.

அந்தக் கால் முறிந்த பெண்ணைப் போய்ப் பார்த்தேன். நான்தான் என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும், நியாயம்தான். வாங்கிப் போன பழத்தை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். மறுபடி போவேன்.

வேலை போய்விட்டது கண்ணு. இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், எதைக் கட்டுவது எதை விடுவது என்று ஒன்றும் புரியவில்லை. நடுவில் உட்கார்ந்து அழுகிறேன், மறுபடி கட்டுகிறேன்.

உன் அறையில் இரண்டு பேருக்கு இடம் இருக்குமா என்று பார்த்து எழுது. ஒரு கட்டில்தான் என்று தெரியும். கீழே படுத்தால் இந்த முட்டியை வைத்துக்கொண்டு என்னால் எழுந்திருக்க முடியாது. அதனால் கட்டில் எனக்கு, இப்போதே சொல்லிவிட்டேன்.

அம்மா